மேல் அறையின் கிராதி

சென் போனிஃபஸ், வினிபெக்
1995 மார்ச் 21

அன்புள்ள சொலான்ஜ்,

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மதாம் கரோ உன்னிடம் தொலைபேசியில் சொன்னாளாம். பூசை முடிந்து வெளியே வரும்போது அவளே என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அது தவறு. இரவு உடையோடு வெறுங்காலில் பனியில் உட்கார்ந்து உன் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதும் தவறு. நான் போட்டிருந்தது சாம்பல் நிறக் கம்பளி கவுன். காலில் செருப்பு இருந்தது. வீட்டுச் செருப்பு என்றாலும் செருப்புதான். யாரையும் கூப்பிடவில்லை. தலையில் தொப்பி இல்லை என்பது மட்டும் உண்மை.

நடந்தது இது. தவக்காலச் சாப்பாட்டுக்கு நான் பட்டாணி சூப் தருவதாகக் கோவிலில் ஒப்புக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பெரிய பானையை அடுப்பில் ஏற்றி, ஆவி வெளியே போக விசிறியைப் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கினேன். கொஞ்ச நாளாகவே தலைவலி இருந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தேன். அன்று கத்தி பிடித்திருந்த கை என் கை போல இல்லை. கத்தியை வைத்தேன். கதவு வரை போக வேண்டும் என்று மட்டும் தோன்றியது. போனேன். வாசற்படியில் உட்கார்ந்தேன்.

மதாம் கரோ தன் வீட்டு ஜன்னலில் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"என்ன இது, மதாம் தெலோர்ம், உள்ள வாங்க. இந்தக் குளிர்ல செத்துப் போயிடுவீங்க."

"உள்ள போனாத்தான் செத்துப் போவேன்னு தோணுது" என்றேன்.

இதைத்தான் அவள் புத்தி பேதலித்த பேச்சு என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். இந்தக் குளிர்காலத்தில் அதைவிடத் தெளிவாக நான் எதுவும் பேசவில்லை. தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து கருவியை வைத்துப் பார்த்தார்கள். வீடு முழுக்கக் கார்பன் மோனாக்சைடு. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடி போட்டு, மறுநாள் அனுப்பிவிட்டார்கள்.

காஸ் கம்பெனி ஆள் வந்து, கீழறையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை அணைத்து, அதில் சிவப்பு அட்டை கட்டிவிட்டுப் போனார். உள்ளே இரும்பில் விரிசலாம். இனி அதைப் பற்றவைக்கக் கூடாது. கோவிலிலிருந்து மின்சாரக் கணப்புகள் கொடுத்திருக்கிறார்கள். சமையலறையிலேயே படுத்துக்கொள்கிறேன், போதுமான சூடு இருக்கிறது.

இன்னொன்று. கீழறைச் சுவர் வழியாக வெளிக்காற்று வருகிற குழாய் உனக்கு நினைவிருக்கும், வாளிக்குள் வாயை வைத்துக்கொண்டு தொங்குமே, அது. அதன் வாயில் உன் அப்பாவின் நீல ஸ்வெட்டர் அடைத்திருந்தது. நவம்பரில் அவர் அடைப்பார், ஏப்ரலில் உருவுவார். அவர் போன பிறகு நான் அதையே செய்துவந்தேன். காஸ் கம்பெனி ஆள் அதை இரண்டு விரலால் எலியைத் தூக்குவது போலத் தூக்கினார். எனக்குப் பிடிக்கவில்லை.

தொலைபேசி அடிக்கிறது. நீதான் என்று தெரியும். போன அக்டோபரில் பேசியதற்குப் பிறகு நான் எடுப்பதாக இல்லை. "ஒரு கிழவிக்கு எதுக்கு இவ்ளோ பெரிய டப்பா" என்று நீ கேட்ட வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். காகிதத்தில் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக முடியும். அது நம் இருவருக்கும் நல்லது.

உன் தாய்,
எர்மின் தெலோர்ம்

•

விக்டோரியா
ஏப்ரல் 2

அம்மா,

தேதி போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். உடல்நலம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று மடத்துச் சிஸ்டர்கள் உங்களுக்குச் சொல்லித்தந்ததும், நீங்கள் எனக்குச் சொல்லித்தந்ததும் மறக்கவில்லை. நலமா?

கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தீர்களாம். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மிச்சத்தைச் சாயங்காலம்தான் படித்தேன். இடையில் படகுத்துறை டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து, ஒரே ஆளுக்கு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். "ஏம்மா, நான் ஒருத்தன்தான் போறேன்" என்றார். கூட யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன்.

நீங்கள் தொலைபேசியை எடுக்காததால் இதையும் எழுதத்தான் வேண்டும். ஆற்றங்கரையில் இருக்கும் முதியோர் இல்லத்தைக் கூப்பிட்டு உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். பெயர் மட்டும்தான். தனி அறை, ஜன்னல் ஆற்றைப் பார்த்திருக்கும், வாசலிலேயே சிற்றாலயம். யாரோ ஒருவர் கீழே ஃபர்னஸைப் பார்த்துக்கொள்வார். அந்தச் சிவப்பு அட்டை ஒரு நல்ல சாக்கு. வீட்டை விற்றுவிடலாம், அம்மா. திட்டுவதென்றால் திட்டுங்கள், ஆனால் சீக்கிரம் திட்டுங்கள்.

நீல ஸ்வெட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்பிவிடுங்கள்.

சொலான்ஜ்

•

சென் போனிஃபஸ்
ஏப்ரல் 17

சொலான்ஜ்,

நேற்று ஈஸ்டர். உன் கடிதத்துக்குப் பண்டிகை முடிந்த பிறகு பதில் எழுதுவதே மரியாதை என்று காத்திருந்தேன்.

முதியோர் இல்லத்துக்கு நானே நடந்து போய் என் பெயரை எடுத்துவிட்டு வந்தேன். அந்த ஜன்னல் ஆற்றைப் பார்க்கவில்லை, வண்டி நிறுத்துமிடத்தைப் பார்க்கிறது. இனி என் பெயரை யாருக்கும் கொடுக்காதே.

புது ஃபர்னஸ் போடப் போகிறேன். மெல்னிக் என்று ஒருவர் வந்து பார்த்தார். உரிமம் உள்ளவரா என்று வாசலிலேயே கேட்டு, வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன். உக்ரைன்காரர்கள் வீட்டுப் பிள்ளை, வடக்குப் பக்கம் பிறந்தவர். காலணியைக் கழற்றாமல் கீழறைக்கு இறங்கப் பார்த்தார். அவர் காலைப் பார்த்தேன். கழற்றிவிட்டார். காலுறையில் ஓட்டை.

கீழே குழாயைப் பார்த்தார், புகைபோக்கியைப் பார்த்தார், பிறகு மேலே வந்து ஜன்னல்களைத் தடவிப் பார்த்தார்.

"ஜன்னல் எப்போ மாத்துனீங்க, மதாம்?"

"போன அக்டோபர்ல. என் மக ஏற்பாடு பண்ணா."

"நல்ல ஜன்னல். ஒரு ஊசி நுழையாது."

"அதுல என்ன குறை?"

"குறையே இல்ல, அதான் சிக்கல். ஃபர்னஸ் எரியக் காத்து வேணும். குழாய் வாயில ஸ்வெட்டர வச்சிட்டீங்க. இத்தன வருஷமா பழைய ஜன்னல் சந்துல வந்த காத்துலதான் அது பொழச்சிருக்கு. இப்ப அதுவும் அடைஞ்சுபோச்சு. நீங்க மேல விசிறியப் போட்டீங்க. அதுக்கு இழுக்கக் காத்து வேணுமே, எங்கேர்ந்து இழுக்கும்? புகைபோக்கி வழியா இழுத்திருக்கு. வெளிய போக வேண்டியதெல்லாம் திரும்பி உள்ள வந்திருச்சு."

"இந்தத் தெருவுல எல்லாரும்தான் குழாய அடைக்கறாங்க. இல்லேன்னா கீழறைத் தரையில கால் வைக்க முடியாது."

"அடைக்கறாங்க, மதாம். இந்தக் குளிருக்கு மட்டும் நான் தலகாணி உருவிருக்கேன், கம்பளி உருவிருக்கேன். ஒரு வீட்ல கரடிப் பொம்மை. பாவம், பாதி வெளிய, பாதி உள்ள."

"என் வீட்டுக்காரர் ஸ்வெட்டர அந்தக் கரடியோட சேக்காதீங்க."

"சேக்கல மதாம். ஸ்வெட்டர் நல்ல பின்னல். அதான் காத்தே போகல."

அதைப் பின்னியவள் நான். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜன்னல் விஷயத்தை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மெல்னிக் பேசும்போது மதாம் கரோ சர்க்கரை கடன் கேட்கும் சாக்கில் சமையலறையில் நின்றிருந்தாள். அவள் எப்படியும் உனக்குச் சொல்லுவாள். அவள் சொன்னால் ஜன்னல் மட்டும்தான் இருக்கும், ஸ்வெட்டர் இருக்காது. இரண்டும் சேர்ந்துதான் செய்தது. நீ சூடு வெளியே போகக் கூடாது என்று செய்தாய், உன் அப்பா குளிர் உள்ளே வரக் கூடாது என்று செய்தார்.

அதனால் ஜன்னலைப் பற்றி நீ எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எர்மின் தெலோர்ம்

•

விக்டோரியா
மே 6

அம்மா,

நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று நீங்கள் எழுதிவிட்டால் நினைக்காமல் இருந்துவிடுவேனா?

மதாம் கரோ கூப்பிட்டாள். நீங்கள் சொன்னபடியே ஜன்னல் மட்டும்தான் இருந்தது. "உன்னத் தப்பு சொல்லல சொலான்ஜ், ஆனா பழைய ஜன்னலோட இருந்திருந்தா..." என்று இழுத்தாள். நல்லவேளை, உங்கள் கடிதம் அதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்துதான் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் எனக்கு எழுதியதிலேயே அன்பான வாக்கியம் அதுதான் என்று சொன்னால் கோபப்படுவீர்கள். சொல்லிவிட்டேன்.

நான் ஏன் அந்த ஜன்னல்களுக்கு அவ்வளவு அவசரப்பட்டேன் தெரியுமா? இதை எழுதலாமா வேண்டாமா என்று இந்தத் தாளைப் பலமுறை எடுத்து வைத்துவிட்டேன்.

அப்பாவின் அடக்கத்துக்கு வந்தபோது என் அறையில்தானே படுத்தேன். அதுவரை நான் வந்ததெல்லாம் கோடையில். ஜனவரியில் அந்த அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே போயிருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் போர்வையும் போர்த்திப் படுத்தேன். மூச்சு விட்டால் ஆவி தெரிந்தது. ஜன்னல் பழசாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு எழுந்து, சூடான காற்று வருகிற தரைக் கிராதியைத் தேடினேன். அது மூடியிருந்தது, அதன் மேல் உங்கள் தையல் இயந்திரம் பெட்டியோடு தூக்கி வைக்கப்பட்டிருந்தது. கிராதியின் இடுக்கெல்லாம் தூசி. அப்போது மூடியது இல்லை, வருடக்கணக்காக மூடியிருக்கிறது.

பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அந்தக் கிராதி மேல்தான் என் காலை விடியும். இரவு கவுனோடு ஏறி நின்றால் சூடான காற்று கவுனைப் பந்து போல ஊதிவிடும். அப்பா வாசலில் நின்று, "கப்பல் பாய் விரிச்சுடுச்சு, எர்மின், சீக்கிரம் கஞ்சி குடு, புறப்பட்டுடப் போகுது" என்பார். நான் நிஜமாகவே கப்பல்துறையில் வந்து உட்காருவேன் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்காது.

அந்த இடத்தில் தையல் பெட்டி. எனக்கு இங்கே இடமில்லை என்று வீடே சொன்னது போல இருந்தது. காலையில் கீழே வந்து உங்களிடம் கேட்கவில்லை. வீடு நிறையத் துக்கத்துக்கு வந்தவர்கள். அதற்குப் பிறகு கேட்காமலே பழகிவிட்டது. வராமலும் பழகிவிட்டது. இங்கே வந்து ஜன்னல் வாங்க ஆரம்பித்தேன்.

நான் தனியாகக் குடியிருக்கும் மாடிக்குக் கீழே துணி வெளுக்கும் கடை. உலர்த்தும் இயந்திரத்தின் காற்று பின்சந்தில் ஒரு குழாய் வழியாக வரும். வேலை முடிந்து வரும்போது சில நாள் அங்கே நின்றுவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன். ஐம்பது வயதுப் பெண் சந்தில் நின்று குளிர் காய்கிறாள், அதுவும் பனியே விழாத ஊரில். கடைக்காரப் பெண் பார்த்துவிட்டு, "சாவிய மறந்துட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

சொலான்ஜ்

பி.கு. ஸ்வெட்டர் வரவில்லை.

•

சென் போனிஃபஸ்
மே 24

சொலான்ஜ்,

நீ கேட்டிருக்க வேண்டும். துக்க வீட்டில் கேட்கக் கூடாத கேள்வி இல்லை அது. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கிராதியை மூடியவள் நான்தான். ஆளில்லாத அறைக்குச் சூடு எதற்கு, காஸ் மிச்சமாகும் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான், பிள்ளைகள் போன அறைகளைச் சாத்திவிடுகிறார்கள். அதனால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

உனக்கு மட்டும் எழுதுகிறேன். ஃபர்னஸ் ஓடத் தொடங்கினால் சுவருக்குள் போகும் தகரக் குழாய் சூடாகி விரியும். விரியும்போது டக், டக் என்று சத்தம் வரும். நீ கல்யாணமாகி மேற்கே போன முதல் குளிர்காலத்தில், நான் மாலையில் சமையலறையில் நிற்பேன், மேலே உன் அறையில் அந்தச் சத்தம் கேட்கும். கட்டிலிலிருந்து மேசைக்கு நீ நடக்கிற மாதிரியே இருக்கும். உன் நடைக்கு ஒரு அவசரம் உண்டு, அதுகூட அப்படியே இருந்தது. தகரம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் படியேறிப் போய்க் கதவைத் திறந்து பார்ப்பேன். கீழே வந்து உருளைக்கிழங்கை உரிப்பேன். மறுபடி சத்தம் வரும், மறுபடி போவேன்.

ஒருநாள் உன் அப்பா படியடியில் வந்து நின்றார். "எர்மின், அங்க யாரும் இல்ல. வா, சாப்பாடு ஆறுது" என்றார். கிண்டல் செய்திருந்தால் சமாளித்திருப்பேன். அவர் மிக மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் கிராதியை மூடினேன். காற்று போகாவிட்டால் தகரம் சத்தம் போடாது. மூடியதை நானே திறந்துவிடுவேன் என்று தெரிந்ததால் தையல் இயந்திரத்தை இழுத்து அதன் மேல் வைத்தேன். அது நல்ல கனம், உனக்குத் தெரியும். அதனால்தான் அதை வைத்தேன்.

உனக்கு இடமில்லாமல் போனது அப்படித்தான்.

ஸ்வெட்டரைக் கம்பளிக்கு உரிய சோப்பில் ஊறவைத்துத் துவைத்தேன். முன்பக்கம் ஒரு கறை மட்டும் போகவில்லை. தபாலில் அனுப்புவதாக இல்லை. தபாலில் போகிற சாமான் இல்லை அது.

அம்மா,
எர்மின் தெலோர்ம்

•

விக்டோரியா
ஆகஸ்ட் 8

அம்மா,

உங்கள் மே மாதக் கடிதத்துக்கு இவ்வளவு நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். எழுதாமல் இல்லை. எழுதியதெல்லாம் அனுப்புகிற மாதிரி இல்லை. இதுவும் இல்லைதான், ஆனாலும் அனுப்பிவிடுகிறேன்.

இங்கே எங்கள் அலுவலகத்தில் ஆட்களைக் குறைக்கிறார்கள். விருப்பப்பட்டவர்கள் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு போகலாம், அக்டோபருக்குள் சொல்ல வேண்டும் என்கிறார்கள். பக்கத்து ஜன்னலில் இருப்பவள், "நீ போயேன் சொலான்ஜ், உனக்குத்தான் போக ஒரு வீடு இருக்கே" என்றாள். "அடுத்த ஆள் நிக்கறார் பாரு" என்றேன்.

நான் வந்தால் ஒரு வாரம் கூடத் தாங்காது. சூப்பில் உப்பு போதவில்லை என்று நான் சொல்வேன், உன் நாக்கு சரியில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் விளக்கை அணைத்துக்கொண்டே என் பின்னால் வருவீர்கள். எனக்கு ஐம்பது வயது, தலை துவட்டாமல் வெளியே போகாதே என்று யாரும் சொல்லி எத்தனையோ காலமாகிறது.

அந்தத் தகரச் சத்தம் எனக்கும் நினைவிருக்கிறது. கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பேன். அதுதான் வீடு தூங்கப்போகிற சத்தம் என்று நினைத்திருந்தேன். நீங்கள் கீழே இருந்து அதை வேறு மாதிரிக் கேட்டிருக்கிறீர்கள்.

ஃபர்னஸ் போட்டாயிற்றா? செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள். மெல்னிக்கிடம் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கேட்காமல் விடுவீர்கள் என்று நான் பயப்படவில்லை, அந்த மனிதருக்காகத்தான் பயப்படுகிறேன்.

சொலான்ஜ்

•

சென் போனிஃபஸ்
செப்டம்பர் 12

அன்புள்ள சொலான்ஜ்,

ஃபர்னஸ் இன்னும் போடவில்லை. காரணம் என் பிடிவாதம் என்று மதாம் கரோ சொல்லியிருந்தால் அதுவும் தவறு. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

மெல்னிக் சனிக்கிழமை அளவெடுக்க வந்தார். இந்த முறை வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டார், காலுறையும் புதுசு. புது ஃபர்னஸுக்குப் பழைய புகைபோக்கி வேண்டாமாம். வெள்ளைக் குழாய் இரண்டு சுவர் வழியாக வெளியே போகும். எரிவதற்கான காற்றை ஒன்று வெளியிலிருந்தே நேராக எடுத்துக்கொள்ளும், இன்னொன்று புகையை விடும். வீட்டுக் காற்றைத் தொடவே தொடாது. இனிமேல் ஸ்வெட்டருக்கு வேலையில்லை.

குழாய் எங்கே வெளிவர வேண்டும் என்று காட்டச் சொன்னார். பக்கத்துச் சுவரைக் காட்டினேன், மாதா சொரூபத்துக்கு மேலே.

"இங்க விட்டா மாதா மூஞ்சியில ஆவி அடிக்கும், மதாம்."

"அப்ப வேண்டாம்."

"மாதா ஒத்துக்கிட்டாலும் நான் ஒத்துக்க மாட்டேன். மேல ஜன்னல் இருக்கு. வெளிய விட்டது ஜன்னல் வழியா திரும்ப வரும். பின்சுவர்ல போடலாம், பனி குவியற உயரத்துக்கு மேல. பனி பெய்ஞ்சா குழாய் வாயை நீங்கதான் பாத்துத் தள்ளிவிடணும்."

"ஆவி உறைஞ்சு அடைச்சுக்கிட்டா?"

"அத யாரும் கேக்கறதில்லையே." அவருக்குச் சந்தோஷம். "அடைச்சுக்கிட்டா ஃபர்னஸ் தானா நின்னுடும். நின்னா மறுபடி மறுபடி தட்டிவிடாதீங்க. வெளிய போய்ப் பாருங்க."

காஸ் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை கிளம்புகிறதா என்று என் கண்ணெதிரே பார்க்க வேண்டும் என்றேன். பார்ப்பேன் என்றார். அனுமதி வாங்கி, வேலை முடிந்ததும் பரிசோதகர் வந்து பார்க்காமல் பணம் தரமாட்டேன் என்றேன். "என் மாமியாரே பரவாயில்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதைத் தெரிவித்தேன்.

பிறகு அளவுநாடாவோடு மேலே ஏறினார். உன் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"இத கணக்குல சேக்கறதா, வேண்டாமா?"

"பெரிய ஃபர்னஸாப் போட்டுட்டா எல்லாத்துக்கும் ஆச்சில்ல?"

"ஆகாது மதாம். தேவைக்கு மேல பெரிசாப் போட்டா எரியும் அணையும், எரியும் அணையும், சீக்கிரம் கெட்டுடும். சின்னதாப் போட்டா ஜனவரியில இந்த ரூம்ல தண்ணி உறையும். வீட்டோட அளவுக்குத்தான் போடணும். அப்புறம் அலாரம் வேற இருக்கு. காஸ் கசிஞ்சா, கெட்ட காத்து வந்தா கத்தறது. தூங்கறவங்க காதுக்குப் பக்கத்துல மாட்டணும். கீழ உங்க ரூம் வாசல்ல ஒண்ணு. மேல இன்னொண்ணு வேணுமான்னு தெரியணும். அதான் கேக்கறேன், மேல யாராவது தூங்குவாங்களா?"

"தெரியாது" என்றேன். அந்தச் சொல்லை நான் அதிகம் சொல்லிப் பழகியவள் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தெரிஞ்சதும் சொல்லுங்க. பனி விழறதுக்கு முன்னாடி."

அவர் போவதற்கு முன், தையல் இயந்திரத்தை நகர்த்தித் தரும்படி கேட்டேன். "இதுக்குள்ள என்ன, பீரங்கியா?" என்றார். நகர்த்தினார். கிராதியைக் கழற்றித் துடைத்தேன். உள்ளே உன் கொண்டை ஊசி ஒன்று கிடந்தது. அது இப்போது உன் மேசையில் இருக்கிறது. ஸ்வெட்டர் நாற்காலி முதுகில் இருக்கிறது. கிராதி திறந்திருக்கிறது. அதில் எதுவும் வரவில்லை, ஃபர்னஸ் இல்லாமல் எப்படி வரும். ஆனாலும் கொஞ்ச நேரம் கையை நீட்டிப் பார்த்தேன்.

சூப்பில் உப்பைப் பற்றி நீ எழுதியது சரி. விளக்கைப் பற்றி எழுதியதும் சரி. தலை துவட்டாமல் நீ வெளியே போனால் சொல்லத்தான் செய்வேன். என்னிடம் வேறு மாதிரி எதிர்பார்க்காதே, எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆனால் தகரம் சத்தம் போடும்போது மேலே நிஜமாகவே ஒரு ஆள் இருந்தால் நான் படியேறி வரமாட்டேன். கீழேயே இருந்துகொள்வேன்.

எனக்காக வராதே. கீழே இரண்டு அறைக்குச் சின்ன ஃபர்னஸ் போதும், நான் சமாளித்துக்கொள்வேன், சமாளித்துத்தான் இருக்கிறேன். வரவில்லையென்றால் வரவில்லை என்றே எழுது, கதவைச் சாத்திக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டேன். மெல்னிக்குக்கு ஒரு பதில் வேண்டும், எனக்கும்.

மேல் அறையில் நீ தூங்குவாயா? தொலைபேசியில் வேண்டாம். இந்த மாதம் முடிவதற்குள், எழுத்தில் பதில் அனுப்பு.

அம்மா